ரொம்ப வருஷமா ஜாஸ் கேட்கிறேன், இப்பதான் ரெக்கார்ட் சேர்க்க ஆரம்பிக்கிறேன், எந்த வழியா போகலாம்?

நடுநிசி:

வணக்கம் மக்களே. ஜாஸ் எனக்குப் புதுசில்ல, காலேஜ் நாள்ல ஒட்டிக்கிட்டது, கேசட், சிடி, அப்புறம் ஸ்ட்ரீமிங்னு எல்லாத்துலயும் கேட்டாச்சு. இப்ப வீட்டுக்கு ஒரு நல்ல டர்ன்டேபிள் வந்திருக்கு, அதனால தட்டா வாங்கி சேர்க்கணும்னு ஆசை வந்துடுச்சு. ஆனா எங்க தேடினாலும் அதே பத்துப் பதினைஞ்சு ஆல்பம்தான் லிஸ்ட்ல வருது, கைண்ட் ஆஃப் ப்ளூ, டைம் அவுட், எ லவ் சுப்ரீம், மிங்கஸ் ஆ அம், அப்படியே சுத்தி சுத்தி அங்கயே வந்து நிக்குது. எல்லாமே எனக்கு உயிர்தான், அதுல பேச்சே இல்ல, ஆனா அதைத் தாண்டி எப்படிப் போறதுன்னு தெரியல. ஸ்ட்ரீமிங்ல ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடிடுது, ட்ரம்பெட் யாருன்னு பார்க்கிறதுக்குள்ள மூணு பாட்டு தாண்டிப் போயிடுது, மறுநாள் அதைத் தேடினா பேரே ஞாபகம் இல்ல.

இன்னொண்ணு, ஒரிஜினல் பிரஸ்ஸிங், அதாவது முதல் தடவை அச்சான தட்டு, தேடி அலையணுமா இல்ல இப்ப திரும்ப அச்சுப் போட்டு வர ரீஇஷ்யூ போதுமா? 1920, 30கள்ல வந்த பழைய ஜாஸையெல்லாம் எதுல கேட்கிறது? ரொம்ப நாளா சேர்க்கிறவங்க சொன்னா நல்லாருக்கும். எவ்வளவு நீளமா எழுதினாலும் படிக்கிறேன்.

பின்னட்டை:

வாங்க நடுநிசி. என்கிட்ட இதுக்கு ஒரே பதில்தான், கவரைத் திருப்பி பின்பக்கம் படிங்க. ஜாஸ்ல முன்னட்டையில இருக்கிற பேரை மட்டும் வச்சு வாங்கினா பாதி இசை கண்ணுல படாமயே போயிடும். ஏன்னா 1950, 60கள்ல நியூயார்க்ல வாசிச்ச ஆளுங்க மாத்தி மாத்தி ஒருத்தர் ரெக்கார்டுல இன்னொருத்தர் வாசிச்சாங்க, இந்த வாரம் தலைவரா இருந்தவர் அடுத்த வாரம் வேறொருத்தருக்குப் பக்கவாத்தியம். அந்தப் பேருங்களைப் பிடிச்சுக்கிட்டே போனா லிஸ்ட்டே தேவையில்ல.

உங்ககிட்ட இருக்கிற கைண்ட் ஆஃப் ப்ளூவையே எடுங்க. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22, ரெண்டே நாள்ல கொலம்பியாவோட 30வது தெரு ஸ்டூடியோல முடிச்சது. எல்லாரும் மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன், பில் எவன்ஸ்னு பேசுவாங்க, நீங்க பாஸ் வாசிச்ச பால் சேம்பர்ஸைப் பிடிங்க. அந்த ரெண்டாவது நாள் அவரோட பிறந்தநாள், 24 வயசு! 33 வயசுல போய்ச் சேர்ந்துட்டார், ஆனா அதுக்குள்ள அவர் வாசிச்ச ரெக்கார்டைப் பாருங்க, கோல்ட்ரேனோட ப்ளூ ட்ரெயின், ஜயன்ட் ஸ்டெப்ஸ், சோனி க்ளார்க்கோட கூல் ஸ்ட்ரட்டின், ஆலிவர் நெல்சனோட தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத், ஹேங்க் மோப்லியோட சோல் ஸ்டேஷன். ஒரே ஒரு பேரைப் பிடிச்சதுக்கே இத்தனை.

இதுல சோல் ஸ்டேஷனைப் பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். 1960ல பதிவானது. கைண்ட் ஆஃப் ப்ளூல ஃப்ரெடி ஃப்ரீலோடர்ல மட்டும் பில் எவன்ஸ் கிடையாது, விண்டன் கெல்லிதான் பியானோ, அதே கெல்லியும் சேம்பர்ஸும்தான் இதுலயும், ட்ரம்ஸ்ல ஆர்ட் ப்ளேக்கி. மோப்லிகிட்ட கோல்ட்ரேன் மாதிரி வேகமோ ஆவேசமோ கிடையாது, அதனாலயே ரொம்ப நாள் அவரை ரெண்டாம் வரிசையில வச்சிருந்தாங்க, ஆனா ஒரு வாக்கியம் முடிஞ்சு அடுத்தது தொடங்குற இடத்துல அவர் எடுத்துக்கிற நிதானம் இருக்கே, அதுக்காகவே அந்த தட்டு என் வீட்ல தேய தேய ஓடுது. ப்ளேக்கி சத்தமா அடிக்கிறவர்னு பேரு வாங்கினவர், இங்க எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார்னு கவனிங்க.

ப்ளேக்கி கிடைச்சாச்சுன்னா ஜாஸ் மெசஞ்சர்ஸ் கிடைச்சாச்சு. 1958ல பதிவான மோனின், அதுல லீ மார்கன், பென்னி கோல்சன், பாபி டிம்மன்ஸ். கொஞ்சம் பின்னாடி போனா 1954ல பேர்ட்லாண்ட் கிளப்புல லைவா பதிவானது, அதுல ட்ரம்பெட் க்ளிஃபர்ட் ப்ரவுன். 1956ல கார் விபத்துல 25 வயசுல போயிட்டார், அப்ப அவர் குரூப்ல பியானோ வாசிச்ச ரிச்சி பவலும் அதே கார்ல. கோல்சன் ப்ரவுன் நினைவா எழுதின பாட்டை இன்னைக்கு வரைக்கும் வாசிக்கிறாங்க. 1958க்கு அப்புறம் வந்தா அதே மெசஞ்சர்ஸ்ல வெய்ன் ஷார்ட்டர், அவரோட ஸ்பீக் நோ ஈவில்ல ட்ரம்ஸ் எல்வின் ஜோன்ஸ், எல்வின்தான் கோல்ட்ரேன் குவார்டெட்ல, அங்க பியானோ மெக்காய் டைனர், மெக்காய் தனியா போட்ட தி ரியல் மெக்காய்ல டெனர் சாக்ஸஃபோன் ஜோ ஹெண்டர்சன், ஹெண்டர்சனோட முதல் ஆல்பம் பேஜ் ஒன்ல ட்ரம்பெட் கென்னி டோர்ஹம், அதுல இருக்கிற ப்ளூ போஸாவை எழுதினதும் டோர்ஹம்தான்.

டோர்ஹமை ஏன் இத்தனை பேரு தாண்டிப் போறாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல. பெரிய சத்தம் கிடையாது, உச்சிக்குப் போய்க் காட்டுறது கிடையாது, பேசுற மாதிரி வாசிப்பார். அவரோட ஊனா மாஸ், 1963, அதுல ட்ரம்ஸ் வாசிக்கிற டோனி வில்லியம்ஸுக்கு 17 வயசு, பியானோல ஹெர்பி ஹேன்காக், கொஞ்ச நாள்லயே ரெண்டு பேரும் மைல்ஸ் குரூப்புக்குப் போயிட்டாங்க.

ஸ்ட்ரீமிங்கை விட்டுடாதீங்க, தேடுறதுக்கு அதைவிட வசதி வேற இல்ல. ஆனா ஒரு ஆளைப் பிடிச்சா கொஞ்ச நாள் அவரையே கேளுங்க, பேரை ஒரு நோட்டுல எழுதி வைங்க, எது உங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுதோ அதை மட்டும் தட்டா வாங்குங்க.

பள்ளம்_தேடி:

பின்னட்டை அண்ணா சொன்னதுக்கு அப்புறம் நான் பிரஸ்ஸிங் பக்கம் மட்டும் சொல்லிடறேன். ஒரிஜினல் வேணுமா ரீஇஷ்யூ போதுமாங்கிறதுக்கு முன்னாடி, கையில இருக்கிற தட்டு எதுன்னு அடையாளம் கண்டுபிடிக்கத் தெரியணும். கவர்ல இருக்கிற வருஷத்தை நம்பாதீங்க, அது ரெக்கார்டிங் வருஷம், அந்தத் தட்டு அச்சான வருஷமா இருக்கணும்னு அவசியமே இல்ல. பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி வெறுமையா ஒரு வளையம் இருக்கும் பாருங்க, டெட் வாக்ஸ்னு சொல்லுவோம், விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா அங்க கீறி எழுதின எண்ணும் எழுத்தும் தெரியும்.

ப்ளூ நோட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கலாம், அதுலதான் இது ரொம்ப சுவாரஸ்யம். 1939ல ஆல்ஃப்ரெட் லயன் ஆரம்பிச்ச கம்பெனி, பெர்லின்லேர்ந்து வந்தவர், அவரோட பழைய பெர்லின் சிநேகிதர் ஃப்ரான்சிஸ் வுல்ஃப் பின்னால வந்து சேர்ந்தார், ரெக்கார்டிங் நடக்கும்போது எடுத்த அந்த கறுப்பு வெள்ளை போட்டோ எல்லாம் அவர் எடுத்தது. அதை வெட்டி ஒட்டி எழுத்தோட விளையாடி கவர் பண்ணினவர் ரீட் மைல்ஸ், அவருக்கு ஜாஸைவிட மேற்கத்திய கிளாசிக்கல்தான் பிடிக்கும்! பதிவு பண்ணினவர் ரூடி வான் கெல்டர், பகல்ல கண் பரிசோதனை பண்ற தொழில், நியூ ஜெர்ஸியில ஹேக்கன்சாக்ல அப்பா அம்மா வீட்டு ஹால்தான் ஸ்டூடியோ, 1959லதான் எங்கிள்வுட் க்ளிஃப்ஸ்ல தனியா கட்டிட்டுப் போனார். அச்சுக்கான மூலத் தட்டை வெட்டும்போது டெட் வாக்ஸ்ல ஆர்விஜின்னு கையால கீறுவார், பிற்பாடு வான் கெல்டர்னு முத்திரையா வரும். இது இருந்தா அவரே வெட்டினதுன்னு அர்த்தம்.

அது பக்கத்துலயே காது மாதிரி ஒரு சின்ன குறி இருக்கும், உண்மையில அது ப்ளாஸ்டிலைட்ங்கிற அச்சுக் கம்பெனியோட முதல் எழுத்து, சாய்ச்சு எழுதினது, சேர்க்கிறவங்க எல்லாரும் காதுன்னுதான் சொல்லுவாங்க. 1960களோட நடுவுல ப்ளூ நோட்டை லிபர்ட்டி கம்பெனிக்கு வித்துட்டாங்க, அதுக்கப்புறம் அச்சு வேற இடத்துக்குப் போயிடுச்சு, காது கிடையாது. ஆனா பழைய லேபிள் மிச்சம் இருந்ததை லிபர்ட்டியும் ஒட்டி வித்தாங்க, அதனால லேபிள்ல நியூயார்க்னு இருக்கேன்னு ஒரிஜினல்னு முடிவு பண்ணக் கூடாது, காதைத் தேடணும். அதுக்காக லிபர்ட்டி தட்டை ஒதுக்கிடாதீங்க, அதே வான் கெல்டர் வெட்டினதுலேர்ந்து எடுத்த ஸ்டாம்பர்ல (தட்டை அழுத்துற அச்சு) அச்சானது நிறைய இருக்கு, கேட்க அவ்வளவு நல்லா இருக்கும், ஒரிஜினல் அளவுக்கு யாரும் மோத மாட்டாங்க.

கைண்ட் ஆஃப் ப்ளூ முதல் பிரஸ்ஸிங்ல இன்னொரு கதை இருக்கு. முதல் நாள் பதிவுல டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால தட்டுல போடும்போது முதல் பக்கம் முழுக்க சுருதி லேசா ஏறி வந்தது, 1990கள்ல வேற மெஷின்ல ஓடின டேப்பை எடுத்துத்தான் சரி பண்ணினாங்க. கூடவே ரெண்டாம் பக்கத்து ரெண்டு பாட்டோட பேரும் இடம் மாறி அச்சாகியிருந்தது. அதனால பழசு எல்லாமே மேல்னு கண்ணை மூடிட்டு சொல்ல முடியாது, கூட சேர்ந்து வாத்தியம் வாசிக்கிறவங்களுக்கு சரி பண்ணின பதிப்புதான் உபயோகம்.

ரீஇஷ்யூன்னா என்னோட தேர்வு ப்ளூ நோட்டோட டோன் போயட் வரிசை, 2019ல ஆரம்பிச்சது, ஜோ ஹார்லி பார்த்துப் பார்த்து எடுக்கிறார், ஒரிஜினல் டேப்லேர்ந்து கெவின் க்ரே வெட்டுறார். ப்ரெஸ்டீஜ், ரிவர்சைட், கான்டெம்பரரி பக்கம்னா ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ், 1980கள்ல வந்தது, எளிமையான ரீஇஷ்யூதான் ஆனா நிறைய அனலாக் டேப்லேர்ந்து வெட்டினது, செகண்ட் ஹேண்ட்ல பார்த்தா விடாதீங்க. ஜப்பான்ல அச்சானதும் நம்பி வாங்கலாம், சத்தமே இல்லாம அவ்வளவு சுத்தமா இருக்கும், கவர் மேல ஓபின்னு ஒரு காகிதப் பட்டை வரும், அதையும் பத்திரமா வைங்க.

அரக்குத்தட்டு:

1920, 30களைப் பத்திக் கேட்டிருக்கீங்களே, ரொம்ப சந்தோஷம், ஏன்னா நிறைய பேருக்கு ஜாஸ்னாலே 1955ல ஆரம்பிச்சு 1965ல முடிஞ்சு போன விஷயம் மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அந்தப் பழசு மேலதான் பைத்தியம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், 78 ஆர்பிஎம்ல பத்து அங்குலத் தட்டுல ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிஷம்தான். ஜாஸோட முதல் ரெக்கார்டுன்னு சொல்ற ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் 1917, அதுலேர்ந்து 1948ல கொலம்பியா லாங் ப்ளே, அதாவது எல்பி, கொண்டு வர்ற வரைக்கும் ஸ்டூடியோல வாசிச்சவங்க எல்லாரும் பெரும்பாலும் அந்த 3 நிமிஷத்துக்குள்ளதான் சொல்ல வேண்டியதைச் சொன்னாங்க. கிளப்புல ராத்திரி முழுக்க விரிச்சு வாசிச்சவங்க. அதைக் குறைன்னு நான் நினைக்கல. லூயி ஆம்ஸ்ட்ராங் 1928ல பண்ணின வெஸ்ட் எண்ட் ப்ளூஸைக் கேளுங்க, தொடக்கத்துல யாரும் துணைக்கு இல்லாம ட்ரம்பெட் மட்டும் சில நொடி, மனோதர்மத்துல எவ்வளவு தூரம் போகலாம்ங்கிறதுக்கு அந்தச் சில நொடி போதும், அப்புறம் ஏர்ல் ஹைன்ஸ் பியானோ, நடுவுல ஆம்ஸ்ட்ராங் வார்த்தையில்லாம பாடுறது, கடைசியில ஒரே சுரத்தைப் பிடிச்சு நிப்பாட்டுறது, எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள்ள.

இன்னொரு விஷயம், பழைய ரெக்கார்ட் சேர்க்கும்போது ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது தெரிய வரும். 1942 ஆகஸ்ட்லேர்ந்து அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், பெட்ரில்லோ தலைமையில, ரெக்கார்டிங் பண்ண மாட்டோம்னு வேலைநிறுத்தம் பண்ணினாங்க, ரெக்கார்ட் ஓடுறதால கலைஞர்களோட வேலை போகுது, அதுக்கு ஈடு கொடுங்கன்னு. டெக்கா 1943ல ஒத்துக்கிச்சு, விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரைக்கும் இழுத்தாங்க. சரியா அந்த நேரத்துலதான் பீபாப்ங்கிற வேகமான, சிக்கலான புது ஜாஸ் பாணி உருவாகிட்டு இருந்தது. 1943ல ஏர்ல் ஹைன்ஸ் பேண்டுல சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் சேர்ந்து வாசிச்சாங்க, அந்த பேண்டோட ஒரு ரெக்கார்டுகூட இல்ல. அதனாலதான் 1945 நவம்பர்ல சவாய் கம்பெனிக்காக பார்க்கர் பண்ணின கோ-கோவைக் கேட்டா திடீர்னு வானத்துலேர்ந்து குதிச்ச மாதிரி இருக்கு, நடுவுல நடந்த எல்லாத்தையும் நேர்ல இருந்தவங்க மட்டும்தான் கேட்டாங்க. இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறவே மாட்டேங்குது.

அந்த மாதிரி இழப்பு நடக்கக் கூடாதுன்னு தவிச்ச ஆளுங்களும் இருந்தாங்க. டீன் பெனடெட்டின்னு ஒரு சாக்ஸஃபோன்காரர், 1947, 48ல பார்க்கர் வாசிக்கிற கிளப்புக்கெல்லாம் ரெக்கார்டிங் மெஷினோட போய் பெரும்பாலும் பார்க்கரோட சோலோவை மட்டும் பதிவு பண்ணினார், மத்தவங்க வாசிக்கும்போது நிறுத்திடுவார். அதெல்லாம் தொலைஞ்சு போச்சுன்னே நினைச்சாங்க, கடைசியில மொசைக் கம்பெனி 1990ல பெட்டியா வெளியிட்டாங்க. ஒலி ரொம்ப மோசம், துண்டு துண்டா வேற இருக்கும், எல்லாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன், ஆனா பார்க்கர் ஒரே பாட்டை வேற வேற ராத்திரியில எப்படி மாத்தி மாத்தி வாசிச்சார்னு அதைவிட நல்லா வேற எங்கயும் கேட்க முடியாது.

78 தட்டையே வாங்கலாமான்னா, அவசரப்படாதீங்க. அதுக்குத் தனி முள் வேணும், எல்பிக்கு இருக்கிறதைவிட நாலு மடங்குக்குக் கிட்ட அகலமா இருக்கும், எல்பி முள்ளை வச்சா பள்ளத்தோட அடியில போய் உரசிட்டு வெறும் சரசரன்னு சத்தம்தான் வரும். வேகமும் சில பழைய தட்டுக்கு சரியா 78 இருக்காது. தட்டு அரக்குல பண்ணினது, கைதவறி விழுந்தா போச்சு, முக்கியமா ஸ்பிரிட் கலந்த எந்தத் திரவமும் போட்டுத் துடைக்கக் கூடாது, அரக்கைக் கரைச்சிடும். ஆம்ஸ்ட்ராங்கோட ஹாட் ஃபைவ் குரூப், பில்லி ஹாலிடே கூட லெஸ்டர் யங் வாசிச்சது, பழைய எலிங்டன், இதெல்லாம் நல்ல எல்பி தொகுப்பாவோ சிடி பெட்டியாவோ கிடைக்குது, அதுல ஆரம்பிங்க.

நீலப்பட்டி:

சிடி பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், தட்டு மோகத்துல எல்லாரும் சிடியை மறந்துட்டாங்க. சில இசை சிடியிலதான் முதல் தடவையா முழுசா வந்தது. நியூபோர்ட் ஜாஸ் விழாவுல 1956ல ட்யூக் எலிங்டன் பேண்ட் வாசிச்சது தெரியும் இல்லையா, பால் கோன்சால்வஸ் 27 கோரஸ், அதாவது பாட்டோட முழுச் சுற்று 27 தடவை, நிறுத்தாம டெனர் வாசிச்சு கூட்டமே எழுந்து ஆடின ராத்திரி. அவர் கொலம்பியாவோட மைக்கை விட்டுட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி மைக் முன்னாடி நின்னு வாசிச்சிட்டார், அதனால பழைய எல்பியில அவர் தூரத்துல கேட்பார். அந்த எல்பியில இருந்ததுல கணிசமான பகுதி அப்புறம் ஸ்டூடியோல திரும்ப வாசிச்சு கைதட்டல் சேர்த்தது. வானொலி டேப் கிடைச்சதும் ரெண்டு மோனோவையும் சேர்த்து ஸ்டீரியோவாக்கி 1999ல சிடியா போட்டாங்க, அப்பதான் கோன்சால்வஸ் நம்ம முன்னாடி வந்து நின்னார்.

அதே மாதிரி 1957 நவம்பர்ல பியானிஸ்ட் தெலோனியஸ் மாங்க்கும் கோல்ட்ரேனும் கார்னகி ஹால்ல வாசிச்சது, அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துல யாரும் கவனிக்காம கிடந்த டேப், 2005ல கண்டுபிடிச்சு அந்த வருஷமே வெளியிட்டாங்க. ரெண்டு பேரும் அந்த வருஷம் ஃபைவ் ஸ்பாட் கிளப்புல மாசக்கணக்கா சேர்ந்து வாசிச்சும் பதிவுன்னு கிடைச்சது ரொம்பக் கொஞ்சம், அதனால இது வந்தப்ப எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மொசைக் பெட்டி எங்க பார்த்தாலும் உள்ள இருக்கிற புத்தகத்துக்காகவே எடுங்க. மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் ஆரம்பிச்சது, முதல்ல போட்டது மாங்க்கோட ப்ளூ நோட் பதிவு முழுசும். எந்தத் தேதி, எந்த டேக், யார் யார் வாசிச்சாங்கன்னு வரிசையா இருக்கும்.

நிலாமுற்றம்:

எல்லாரும் சொன்னது சரிதான், ஆனா பின்னட்டை அண்ணா சொன்ன வழியில போனா ஒரு குறை இருக்கு. ஆளைப் பிடிச்சுப் போகும்போது அந்த வட்டத்துக்குள்ள இடம் கிடைச்சவங்க மட்டும்தான் வருவாங்க. மேல இத்தனை பேர் எழுதியிருக்கீங்க, பில்லி ஹாலிடே பேரு ஒரு தடவை வந்தது, வேற ஒரு பெண் பேருகூட இல்ல. அதனால நான் சேர்க்கிறேன்.

ஆம்ஸ்ட்ராங் ஹாட் ஃபைவ்ல பியானோ யாரு? லில் ஹார்டின். அப்ப ஆம்ஸ்ட்ராங்கோட மனைவி, அவரைத் தனியா முன்னுக்குப் போகச் சொல்லித் தள்ளினதே அவங்கதான், பாட்டும் எழுதினாங்க. மேரி லூ வில்லியம்ஸ், ஆண்டி கர்க் பேண்டுக்கு பியானோவும் அரேஞ்ச்மென்ட்டும் அவங்க, 1945ல ஸோடியாக் சூட், மாங்க், பட் பவல் எல்லாம் அவங்க வீட்ல உட்கார்ந்து கத்துக்கிட்டவங்க, பின்னால சொந்தமா லேபிளே நடத்தினாங்க. 1920கள்லேர்ந்து 1970கள் வரைக்கும் ஜாஸ் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவங்களும் கூடவே திரும்பி வாசிச்சிருக்காங்க, ஒரே ஆளோட ரெக்கார்டுல அந்த இசையோட மொத்தப் பயணமும் கேட்கணும்னா என் பதில் மேரி லூதான்.

யூட்டா ஹிப்னு ஒரு ஜெர்மன் பியானிஸ்ட், லைப்ஸிக்ல பிறந்தவங்க, 1956ல ப்ளூ நோட்டுக்காக ஹிக்கரி ஹவுஸ்ல லைவா ரெண்டு தட்டு, ஜூட் சிம்ஸோட ஒண்ணு, அவ்வளவுதான், கொஞ்ச நாள்ல இசையையே விட்டுட்டு நியூயார்க்ல துணி தைக்கிற ஃபேக்டரியில வேலைக்குப் போயிட்டாங்க, படம் வரைஞ்சாங்க. இன்னைக்கு அந்த ஒரிஜினல் தட்டுக்கு சேர்க்கிறவங்க அடிச்சுக்கிறாங்க. நீங்க ரீஇஷ்யூ கேளுங்க, ஜூட் சிம்ஸோட வாசிச்சதுல அவங்க எவ்வளவு இதமா இடம் கொடுக்கிறாங்கன்னு தெரியும்.

டாரத்தி ஆஷ்பி, ஹார்ப்ல பீபாப் வாசிச்சவங்க, 1968ல வந்த ஆஃப்ரோ ஹார்ப்பிங்கை இப்ப எல்லாரும் சொல்றாங்க, எனக்கு 1958ல ஃப்ராங்க் வெஸ் புல்லாங்குழலோட பண்ணின இன் எ மைனர் க்ரூவ்தான் இன்னும் நெருக்கம். அலிஸ் கோல்ட்ரேனோட ஜர்னி இன் சச்சிதானந்தா, 1971, தம்புரா சுருதியில ஆரம்பிச்சு செசில் மெக்பீயோட பாஸ் வந்து சேரும், அப்புறம் ஹார்ப், அப்புறம் ஃபாரோ சாண்டர்ஸ். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த முதல் ஒரு நிமிஷம் என்ன பண்ணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அமெரிக்காவை விட்டு வெளியவும் வாங்க. போலந்துல கோமெடாவோட அஸ்டிக்மேட்டிக், எத்தியோப்பியாவோட முலாத்து அஸ்தாத்கே, தென்னாப்பிரிக்காவோட அப்துல்லா இப்ராஹிம் 1974ல பண்ணின மேனன்பெர்க், ஜப்பான்ல ரியோ ஃபுக்குய் 1976ல போட்ட சீனரி. அந்த சீனரி பல வருஷம் கழிச்சு யூட்யூப் தானா காட்டித்தான் உலகம் முழுக்கப் போச்சு, அதனால நடுநிசி குறைபட்ட அந்தத் தானா ஓடுறதும் சில நேரம் நல்ல இடத்துக்குக் கூட்டிட்டுப் போகும்.

பின்னட்டை:

நிலாமுற்றம் மேடம், நியாயமான பேச்சு. மேரி லூவோட ஸோடியாக் சூட்டை இன்னைக்கு ராத்திரியே கேட்கிறேன். ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன், பக்கவாத்தியமாவே நின்னுட்டு தனக்குன்னு ரெக்கார்ட் கிடைக்காம போனவங்களும் நிறைய. டினா ப்ரூக்ஸ்னு டெனர்காரர், ப்ளூ நோட்டுக்காக தலைவரா நாலு ஆல்பம் பதிவு பண்ணினார், உயிரோட இருந்தவரைக்கும் வெளிவந்தது ட்ரூ ப்ளூ ஒண்ணுதான், 1974ல போயிட்டார். மிச்சமெல்லாம் பின்னால கஸ்குனா மாதிரி ஆளுங்க டேப் அறையில தோண்டினதால வந்தது. ஃப்ரெடி ஹப்பர்டோட முதல் ஆல்பம் ஓப்பன் செசமில டெனர் அவர்தான், பாட்டும் அவர் எழுதினது இருக்கு. அதைக் கேட்டுட்டு ட்ரூ ப்ளூவுக்குப் போங்க, அதுல ஹப்பர்ட் இவருக்குப் பின்னாடி நிப்பார்.

நடுநிசி:

ஐயோ, இவ்வளவு எதிர்பார்க்கவே இல்ல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாயங்காலத்துலேர்ந்து சோல் ஸ்டேஷன் ஓடிக்கிட்டே இருக்கு, ப்ளேக்கி இடம் விடுறதுன்னு அண்ணா சொன்னது இப்ப காதுல விழுது. வெஸ்ட் எண்ட் ப்ளூஸ் எத்தனையோ தடவை பின்னணியில ஓடியிருக்கு, இன்னைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். நோட்டு போட்டாச்சு, முதல் பக்கத்துல பால் சேம்பர்ஸ், எதிர்ப் பக்கத்துல மேரி லூ வில்லியம்ஸ்.

ஒரே ஒரு சந்தேகம். செகண்ட் ஹேண்ட்ல தட்டோட நிலைமைக்கு விஜி ப்ளஸ்னு (வெரி குட் ப்ளஸ்) கிரேடு போட்டிருந்தா நம்பி வாங்கலாமா? கொஞ்சம் பொரியுற சத்தம் எனக்குப் பெருசா தெரியாது, ஆனா எந்த அளவுக்கு விட்டுக் கொடுக்கலாம்? பில் எவன்ஸோட வில்லேஜ் வேன்கார்ட் பதிவு ஒண்ணு விற்பனைக்கு இருக்கு, பழைய ரிவர்சைட் பிரஸ்ஸிங், அதுவும் விஜி ப்ளஸ்தான்.

பள்ளம்_தேடி:

கண்ணால பார்த்து கிரேடு போட்டாங்களா இல்ல ஓட்டிக் கேட்டுட்டுப் போட்டாங்களான்னு முதல்ல கேளுங்க, ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம். பார்க்க பளபளன்னு இருக்கிற தட்டு பழைய கனமான முள்ளுல ஓடி ஓடிப் பள்ளம் தேய்ஞ்சிருக்கும், சத்தம் ஏறுற இடத்துல கரகரக்கும், அது கழுவினாலும் போகாது. தூசியால வர்ற பொரியல் சத்தம் கழுவினா பெரும்பகுதி போயிடும், டிஸ்டில்டு வாட்டர்ல நல்லா கழுவிக் காய வச்சு புது உள்ளுறையில போடுங்க, நிமிர்த்தி வைங்க, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்காதீங்க. கிரேடுல குட்னு போட்டிருந்தா நல்லா இருக்குன்னு நினைச்சுடாதீங்க, அது நல்லா அடிபட்ட தட்டுன்னு அர்த்தம்.

எந்த இசைங்கிறதையும் பார்க்கணும். ப்ளேக்கி, லீ மார்கன் மாதிரி முழு பலத்தோட வர்ற இசையில கொஞ்சம் பொரிஞ்சா தெரியவே தெரியாது. ஆனா நீங்க கேட்கிற பில் எவன்ஸ் பதிவு 1961 ஜூன் 25, சின்ன கிளப், கிளாஸ் மோதுற சத்தம், ஆளுங்க பேசுறது எல்லாம் கேட்கும், அதுக்கு நடுவுல ஸ்காட் லஃபாரோ பாஸோட கடைசி அதிர்வு வரைக்கும் கேட்கணும். அவரு ஜூலை 6ல விபத்துல போயிட்டார், இந்த ட்ரையோ அதுக்கப்புறம் பதிவே பண்ணல. மெல்லிசா முடியுற அந்த இடங்கள்லதான் முள் சத்தம் மேல வந்து நிக்கும். அதனால இதுக்கு மட்டும் பழைய ரிவர்சைட் வேண்டாம், சத்தமில்லாத நல்ல ரீஇஷ்யூ ஒண்ணு எடுங்க, அந்தக் காசை சோல் ஸ்டேஷனுக்கு வைங்க.

அரக்குத்தட்டு:

பில் எவன்ஸ் விஷயத்துல தம்பி சொன்னதுக்கு முழு ஆதரவு. ரீஇஷ்யூ எடுக்கும்போது ரெண்டு ஆல்பத்தையும் சேர்த்தே பாருங்க, சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட், வால்ட்ஸ் ஃபார் டெபி, ரெண்டும் அதே நாள்ல வாசிச்சதுதான். முதல்ல சண்டேவைப் போடுங்க, லஃபாரோ எழுதின ரெண்டு பாட்டும் அதுலதான் இருக்கு.